மகள்மாருக்கு எழுதிக் குடுத்த ஊடுகள்

சினிமா பாக்கிற பழக்கம் எனக்கில்ல. முப்பது வருசம் கிராம சேவகரா இருந்தவன் நான். ஊருல நடக்கிற கூத்தெல்லாம் என்ட மேசைக்கு முன்னால வந்து நடந்து முடிஞ்சிரும். அதுக்கு மேல இன்னொரு படம் எனக்கெதுக்கு? ஆனா போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு படத்தை முழுசா இருந்து பாத்தன். அண்டையிலிருந்துதான் வாப்பாக்குப் பித்தம் தலைக்கேறினது எண்டு மூத்த மகள் இப்பவும் சொல்றா.

அண்டைக்கு எல்லாரும் சாய்ந்தமருதில மூத்தவள்ட ஊட்டுல கூடியிருந்தம். மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிஞ்ச பொறகு, இளைய மகள் தன்ட மாப்பிளை பிள்ளைகளோட இஞ்ச சாப்பிட வருவா. அவவோட என்ட பொஞ்சாதியும் வருவா. ஓம், சரியாத்தான் வாசிக்கிறீங்க. நான் மூத்தவள்ட ஊட்டுல இருக்கிறன், என்ட பொஞ்சாதி இளையவள்ட ஊட்டுல இருக்கிறா. மாசத்துல ஒருக்கா விருந்துக்கு வாறா. ரெண்டு ஊட்டுக்கும் நடுவில ஒண்டரைக் கட்டை, ஒண்டரை மைல் தூரம். சண்டை ஒண்டுமில்ல.

சாப்பாடு முடிஞ்ச கையோட மருமகன்மார் ரெண்டு பேரும், ஆரோ காணி விக்கிறாங்களாம் எண்டு பாக்கப் போயிட்டாங்க. அதாலதான் என்ட பொஞ்சாதி அடுப்பிருக்கிற குசினியை விட்டு ஹோலுக்கு வந்து பாயில இருந்தா. எங்கட பக்கத்துல மருமகன் இருக்கிற இடத்துல மாமி வந்து சரிக்குச் சரியாக் குந்த மாட்டா. வெக்கமெண்டு சொல்லுங்க, மரியாதை எண்டு சொல்லுங்க, வழக்கம் அதுதான். ஆம்புளைகள் ஹோலுல இருந்தா அவ குசினியில இருப்பா. நான் ஆம்புளைகளோட ஹோலுல இருப்பன். அப்ப நாங்க ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துக் கதைக்கிறது எப்ப எண்டு நீங்கதான் சொல்லணும்.

மகள் பெரிய டீவியில ஒரு படத்தைப் போட்டா. எந்த நாட்டுப் படமோ தெரியா, தமிழ்ல பேச்சைச் சேர்த்திருந்தாங்க. ஒரு பெரிய பட்டணம். எங்க பாத்தாலும் பாதி கட்டின மாடியும் கிரேனும். பதினாலாம் மாடியில ஒரு புருசனும் பொஞ்சாதியும். ரெண்டு பேருக்கும் நல்ல தொழில். புது ஊடு வருது, புதுக் கார் வருது, பேச்சு மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகுது. கடைசியில ஒரு நீளமான சாப்பாட்டு மேசை வாங்கிறாங்க. இந்தத் தலைப்புல அவன், அந்தத் தலைப்புல அவள். கரண்டிச் சத்தம் மட்டும் கேக்குது. மகள்மார் ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சத் தொடங்கிட்டாங்க.

எனக்குக் கோவம் வந்திட்டு. "இதென்ன கறுமம்! ஒரே ஊடு, ஒரே கட்டில், ஒரே சோறு. இதுகளுக்கு என்ன கொறை? வயிறு நிறைஞ்சா வாற வருத்தம் இது. முப்பது வருசமா எத்தின குடும்பத்தை நான் பாத்தன்! எங்கட ஊருல அடிபட்டுப் பிரிவாங்க, இல்லாட்டி ஒண்டா இருப்பாங்க. இந்த ரெண்டும் கெட்டான் சீவியம் இஞ்ச இல்ல" எண்டு கத்தினன்.

என்ட பொஞ்சாதி பேத்திக்குத் தலை சீவிக்கிட்டிருந்தா. டீவியில இருந்து கண்ணை எடுக்கல்ல. எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா: "அவங்களுக்கு ஒரு மேசையாவது இருக்கு."

கை கால் கழுவி ஒளு எடுக்கப் போறன் எண்டு சொல்லிட்டு எழும்பிப் போய், பைப்பைத் திறந்துவிட்டிட்டு அப்பிடியே நிண்டன். அஸர் தொழுகைக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

எங்கட ஊர் வழக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு விசயத்தைச் சொல்லணும். இஞ்ச ஊடு பொம்புளைப் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சா மாப்பிளைதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பொண்ணுட ஊட்டுக்குப் போவான். நானும் அப்பிடித்தான் போனன், இருபத்தாறு வயசுல, ஒரு ட்ரங்குப் பெட்டியும் ஒரு சைக்கிளுமா. அவட உம்மாவும் வாப்பாவும் ஊட்டை எங்களுக்கு விட்டிட்டு, அதே வளவுல பின்னால ரெண்டு அறையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மௌத்தாகும் வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் அதுலதான் இருந்தாங்க. அப்ப வளவு இருந்தது, கட்டினாங்க. இப்ப மதிலுக்கும் சுவருக்கும் நடுவில ஒரு மோட்டச் சைக்கிள் விட இடமிருந்தா அது பெரிய வளவு.

எனக்கு ரெண்டும் பொம்புளைப் பிள்ளை. மூத்தவளுக்கு அவட உம்மாட ஊடு எண்டு பிறந்த நாளே முடிவாகிட்டு. இளையவளுக்கு? மாவடிப்பள்ளிப் பக்கம் போற வழியில என்ட வாப்பா வழியில வந்த ஒரு துண்டு வயல் இருந்தது. சுனாமியில கடல் வந்த வருசத்துக்குப் பொறகு ஊருல எல்லாருக்கும் கடற்கரைப் பக்கம் இருக்கப் பயம். ஊரே மேற்கால நகரத் தொடங்கிட்டு. பக்கத்து வயலுக்காரன் நிரப்பினான், அதுக்கடுத்தவன் நிரப்பினான். நானும் நிரப்பினன். கிரவல் மண் ஏத்தின டிப்பர் லொறி நாலு நாள் வந்து கொட்டினதுல வயல் காணியாகிட்டு. அதுல ரெண்டு தட்டில மாடி ஊடு, ஏசி, டைல்ஸ், கேற்றுல கமறா. எங்கட ஊருக்கு இப்ப வாற ஆள் இது கொழும்பா எண்டு கேப்பான். நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்சன். ஒரு கிராம சேவகர் ரெண்டு மகள்மாருக்கும் ரெண்டு ஊடு குடுத்திட்டானே எண்டு ஊர் சொல்லணும், அதுதான் எனக்கு வேணும்.

இளையவள்ட கலியாணத்துக்கு முன்னால ரெண்டு ஊட்டுட உறுதிப் பத்திரத்தையும் ஒரே நாளில எழுதி முடிச்சன். பத்திரம் எழுதின நொத்தாரிசு நல்ல மனுசன். பேனையை வெச்சிட்டு என்னைப் பாத்துக் கேட்டார், "சீவிய உருத்து வைப்பமா? நீங்க ரெண்டு பேரும் உசிரோட இருக்கும் வரைக்கும் ஒரு அறையாவது உங்கட பாவனைக்கு எண்டு எழுதலாம். எல்லாரும் செய்றதுதான்."

"நான் என்ன பிச்சக்காரனா?" எண்டன். "பிள்ளைக்குக் குடுத்தா முழுசாக் குடுக்கணும். குடுத்த கையால திருப்பி இழுக்கிற வேலை எனக்குத் தெரியா."

பக்கத்துல இருந்த என்ட பொஞ்சாதி மெதுவா, "போட்டா என்னவாம்?" எண்டு கேட்டா. நான் ஒரு பார்வை பாத்தன். அந்தப் பார்வைக்கு முப்பது வருசமா நல்ல பவர். அவ பேனையை எடுத்துத் தன்ட உம்மா வாப்பா தந்த ஊட்டுக்குக் கையெழுத்து வெச்சா. வெளியில வந்து ஓட்டோவில ஏறினாப் பொறகு முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தா. நான் அதைச் சந்தோசமெண்டு நினைச்சன். என்ட றப்பே, முப்பது வருசம் ஊர்ச் சனத்துட முகத்தைப் பாத்துப் பொய்யைப் பிடிச்சவன், பக்கத்துல இருந்த முகத்தைப் பாக்கல்ல.

அதுக்கு ஒண்டரை வருசத்தால இளையவளுக்குப் பிள்ளை கிடைச்சது. உம்மா போகாம ஆரு போற? நாற்பது நாளைக்கெண்டு அவ போனா. அதே நாட்களில மூத்தவள்ட ஊட்டுக்கு மேல் தட்டுப் போடுற வேலை நடந்தது. எனக்கு அந்த வேலையில பைத்தியம். கம்பி கட்டுறதுல இருந்து கொங்கிரீட் போடுறது வரைக்கும் நானே நிண்டு பாத்தன். மேசன்மாரோட கத்திக் கத்தித் தொண்டை கட்டிட்டு. நாற்பது முடிஞ்சது. பொறகு பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாங்க. பொறகு மகள் பேங்குக்குத் திரும்பி வேலைக்குப் போகணும் எண்டாங்க. பொறகு ரெண்டாவது பிள்ளை. நான் ஒவ்வொரு முறையும் போன்ல "எப்ப வாற?" எண்டு கேட்டன். அவ "பாப்பம்" எண்டு சொன்னா. ஆறு வருசம் இப்பிடித்தான் போனது. எந்த நாளில நாங்க பிரிஞ்சம் எண்டு கேட்டா ஒரு நாளைக் காட்ட என்னால ஏலாது.

முதல்ல ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பொறகு கோல் எடுப்பா. "மருந்துக் குளிசை போட்டயளா? ராவைக்கு என்ன கறி? கால் வீக்கம் எப்பிடி?" பொறகு குரல் அனுப்புற பழக்கம் வந்தது. அவ குரலை அனுப்புவா, நான் குரலை அனுப்புவன். அவட குரலுக்குள்ள பிள்ளைகள் கத்துற சத்தமும் மிக்சர் அடிக்கிற சத்தமும் கேக்கும். என்ட குரலுக்குள்ள என்ன கேட்டிருக்கும்? ஃபேன் சுத்துறதுதான். பொறகு அதுவும் குறைஞ்சு, பெருநாளைக்கும் நோன்புக்கும் ஆரோ செஞ்ச பூப்படம் ஒண்டை அனுப்புவா. அதே படம் எங்கட ஊருல இருநூறு பேருக்குப் போயிருக்கும்.

நான் அங்க போகாம இல்ல. கிழமைக்கு ஒருக்காப் போவன். கேற்றடியில பெல் அடிச்சா, கமறாவில பாத்திட்டு உள்ளுக்கிருந்து திறப்பாங்க. சோபாவில இருப்பன். தட்டத்துல வாழைப்பழமும் பிஸ்கட்டும் வரும். தேத்தண்ணி, தங்கக் கோடு போட்ட கோப்பையில வரும், கீழ சோசரோட. ஊட்டு ஆக்களுக்கு அந்தக் கோப்பையில ஊத்துறல்ல. ஒரு நாள் பொறுக்க ஏலாம, "ஏன், எனக்கு மக்குல தந்தாக் குடிக்க மாட்டனா?" எண்டு கேட்டிட்டன். மகள் சிரிச்சா. "வாப்பா வாறது எப்பையாவதுதானே" எண்டா. நியாயமான பேச்சு. எனக்கு நியாயத்தைக் கேட்டாத்தான் கோவம் கூட வரும்.

வாக்காளர் இடாப்புப் பதியிற காலத்துல இன்னொண்டு நடந்தது. புதுக் கிராம சேவகர், என்னட்ட வேலை பழகின பிள்ளை, படிவத்தைக் கொண்டு வந்து தந்தார். எத்தினயாயிரம் படிவம் பாத்த கை இது. மூத்தவள்ட ஊட்டுப் படிவத்துல என்ட பேரை எழுதி, அடுத்த வரியில பழக்கத்துல பொஞ்சாதிட பேரை எழுதத் தொடங்கினன். மகள் எட்டிப் பாத்திட்டு, "வாப்பா, உம்மாவைத் தங்கச்சிட ஊட்டுல பதிஞ்சாச்சு, ரெண்டு இடத்துல போட்டாப் பிழை" எண்டா. எனக்கே சட்டம் சொல்லித் தாறா! வெட்டிட்டுக் கையெழுத்து வெச்சன். ஊருல எந்த ஊட்டுல ஆரு இருக்கிறாங்க எண்டு என்னைக் கேட்டுத்தான் அரசாங்கமே தெரிஞ்சுகொண்ட காலம் ஒண்டு இருந்தது.

நான் ஏன் வாயைத் திறந்து கேக்கல்ல எண்டு நீங்க கேக்கலாம். எதைக் கேக்கிற? அறுபது தாண்டின ஒருத்தன் மகளுக்கிட்டப் போய், எனக்கும் உம்மாக்கும் ஒரு அறை தா எண்டு எந்த முகத்தோட கேக்கிற? மருமகன் காதுல அது விழுந்தா என்ன நினைப்பார்? இந்த வயசுல இவருக்கு என்ன ஆசை எண்டு நினைக்க மாட்டாரா? எனக்கு வேணுமெண்டது பெரிய ஒண்டுமில்ல. விடியச் சுபஹுக்கு எழும்பினா பக்கத்துல ஒரு ஆள் இருமுற சத்தம் கேக்கணும். கண்ணாடியை எங்க வெச்சன் எண்டு கேட்டா ஏசுறதுக்கு ஒரு ஆள் வேணும். ஊரெல்லாம் உறவு, உண்ணத்தான் சோறில்ல எண்டுவாங்க. எனக்குச் சோறு இருந்தது, ரெண்டு ஊட்டுலயும் இருந்தது. பொஞ்சாதி இல்ல. அவளில்லாம எனக்கு ஏலாது. இந்தச் சொல்லை நான் இந்தக் கடதாசியிலதான் முதல் முதலா எழுதுறன்.

அந்தப் படத்தைப் பாத்த அடுத்த கிழமையே நான் முடிவெடுத்தன். ஒரு அறை வாடகைக்கு எடுக்கிற. எங்கட ஊருல தேட ஏலாது. ரெண்டு மகள்மாருக்கும் மாடி ஊடு குடுத்தவன் வாடகைக்கு அறை தேடுறான் எண்டா, பிள்ளைகள் துரத்திட்டாங்க எண்டு மத்தியானம் லுஹருக்குள்ள ஊர் முழுக்கக் கதை பரவிரும். அதால கல்முனை தாண்டி மருதமுனைக்குப் போனன். அங்க ஒரு மேல் தட்டு. ஊட்டுக்காரங்க வெளிநாட்டுல, அவங்கட மாமனார்தான் சாவித் திறப்பை வெச்சிருந்தார். ஒரு அறை, ஒரு சின்னக் குசினி, பாத்ரூம், கிழக்கால ஒரு ஜன்னல். "ஆருக்கு?" எண்டு கேட்டார். "ஒரு குடும்பத்துக்கு" எண்டன். "எத்தின பேர்?" "புருசனும் பொஞ்சாதியும்." அதைச் சொல்லக்குள்ள எனக்கு வெக்கம் வந்திட்டு, மாப்பிளைக்கு வாற மாதிரி.

மாசத்துல ஒருக்கா அவக்குப் பிரஷர் கிளினிக். வழமையா மகள் கூட்டிப் போவா. அந்த முறை நான் கூட்டிப் போறன் எண்டு சொல்லிட்டு ஓட்டோவோட போய் நிண்டன். அவ ஆச்சரியமாப் பாத்திட்டு ஏறினா. கிளினிக் முடிஞ்சதும், "இன்னொரு இடத்துக்குப் போயிட்டுப் போவம் புள்ள" எண்டன்.

"என்ன, இன்னொரு பொண்டாட்டியைக் காட்டப் போறீங்களா?" எண்டா.

"ஓம், உன்னை மாதிரியே ஒருத்தி, ஆனா வாய் குறைவு" எண்டன். அவ சிரிச்சா. அவட சிரிப்பை ஆறு வருசமா நான் போனுக்குள்ளதான் கேட்டிருந்தன்.

மாடிப்படி ஏறக்குள்ள ரெண்டு இடத்துல நிண்டு மூச்சு வாங்கினா. நான் கதவைத் திறந்து விட்டன். அவ உள்ளுக்குப் போய் பைப்பைத் திறந்து பாத்தா, ஜன்னலைத் தள்ளிப் பாத்தா, குசினி மூலையில விரலால தேய்ச்சுத் தூசியைப் பாத்தா. "கூட்டத் தும்புத்தடி இல்லியா?" எண்டு கேட்டா. எனக்கு உசிர் வந்திட்டு. இருக்க ஒரு கதிரை இல்ல. வழியில பேக்கரியில வாங்கின பணிஸ் ரெண்டையும் பிரிச்சு வெச்சு, தரையில கடதாசி விரிச்சு இருந்து சாப்பிட்டம். அவ தன்ட பணிஸுல இருந்த சீனியைத் தட்டிட்டு, "உங்களுக்குச் சீனி கூடாது" எண்டு என்டதையும் தட்டினா. இனி எல்லாம் சரி எண்டு நான் நினைச்சன்.

"இஞ்ச இருப்பம் புள்ள. நீயும் நானும்" எண்டன்.

அவ கடதாசியில சிந்தின சீனியை ஒரு பக்கம் ஒதுக்கினா. "இது ஆருட ஊடு?"

"என்ட பேர்ல வாடகைக்கு எடுக்கிறன்."

"நான் ஒரு நாளும் புருசன்ட ஊட்டுல இருந்ததில்ல. வாடகை ஊட்டுலயும் இருந்ததில்ல" எண்டா. கோவம் இல்ல அந்தக் குரலுல, அதுதான் எனக்குப் பயம். "எனக்கு ஒரு ஊடு இருந்தது. நீங்க எழுதெண்டு சொன்னீங்க, எழுதினன். அதுக்கு நான் அழல்ல. ஏன் தெரியுமா? ஊடு போனாப் போகட்டும், மாப்பிளை நான் இருக்கிற இடத்துக்கு வருவார்தானே எண்டு இருந்தன்."

"நான்தான் ஒவ்வொரு நாளும் எப்ப வாற, எப்ப வாற எண்டு கேட்டனே!"

"எங்க வாற? அது மூத்தவள்ட ஊடு, இது இளையவள்ட ஊடு. எனக்கு ரெண்டும் ஒண்டுதான். எங்கட சாதியில எந்தப் பொம்புளை மாப்பிளையைத் தேடிப் போயிருக்கா? நாற்பது முடிஞ்சண்டு நான் இளையவள்ட ஊட்டுல ஒரு அறையை ஒதுக்கினன். கட்டிலைத் திருப்பிப் போட்டன், அலுமாரியில ஒரு தட்டைக் காலியாக்கி வெச்சன். உங்கட தலகாணிக்கு உறையும் தைச்சன். நீங்க வந்தா அது என்ட ஊடு. நீங்க கொங்கிரீட் போட்டுக்கிட்டிருந்தீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புள்ள!" எண்டு கத்திட்டன். வெறும் அறை, சத்தம் பெருசாக் கேட்டது.

"கூப்பிட்டு வாறவன் விருந்தாளி" எண்டா. "மாப்பிளை கூப்பிடாம வரணும்."

பொறகு, ரெண்டாவது பிள்ளை வளந்ததும் அந்தக் கட்டிலைப் பிள்ளைகளுக்கு விட்டுக் குடுத்திட்டன் எண்டும் சொன்னா. எழும்பி, கடதாசியைச் சுருட்டி, துகளெல்லாம் கூட்டி எடுத்தா. சின்னவனை முன்பள்ளியில இருந்து எடுக்கிற நேரமாகுது எண்டா. கீழ இறங்கக்குள்ள என்ட தோளைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா. "திறப்பைத் திருப்பிக் குடுத்திருங்க" எண்டது மட்டும்தான் ஓட்டோவில கதைச்சது.

நான் அவளைக் குறை சொல்லல்ல. முப்பத்தெட்டு வருசம் முந்தி நான் சைக்கிளுல போனதும் கூப்பிட்டுப் போனதில்லையே. ஆனா நான் என்னத்தை நினைச்சுக்கிட்டிருந்தன் தெரியுமா? நான் மாப்பிளையாப் போன ஊடு மூத்தவள் இப்ப இருக்கிற ஊடு. அந்த ஊட்டை விட்டிட்டு, மருமகன் மாப்பிளையா இருக்கிற இன்னொரு ஊட்டுக்கு, நான் ரெண்டாவது முறை பெட்டி தூக்கிப் போறதா? அவ எனக்காக அங்க காத்திருந்தா, நான் அவக்காக இஞ்ச காத்திருந்தன். ரெண்டு பேரும் வழக்கத்தைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தம். ஆளுக்கொரு நுனி.

நாலு நாள் யோசிச்சன். அஞ்சாம் நாள் பேக்கைக் கட்டினன். மூணு சேட், ரெண்டு சாரன், குளிசைப் பெட்டி, கண்ணாடி, தொழுகிற முசல்லா. மூத்தவளுக்கிட்டத் தங்கச்சி ஊட்டுக்குப் போறன் எண்டு மட்டும் சொன்னன். போற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனன்: நான் வந்திட்டன். இனி இஞ்சதான். இவ்வளவுதான் சொல்லணும். ரெண்டு வசனம். அரசாங்கக் கச்சேரியில பெரிய பெரிய துரைமாரோட மேசையில அடிச்சுக் கதைச்ச வாய் இது.

அஸர் முடிஞ்ச நேரம். பெல் அடிச்சன். மருமகன்தான் வந்து கேற்றைத் திறந்தார். இறக்காமத்துப் பிள்ளை, தங்கமான குணம். "வாங்க மாமா, வாங்க!" எண்டு பேக்கை என்ட கையில இருந்து வாங்கினார். வாங்கினதும் அதுட பாரம் தெரிஞ்சிருக்கும். ஹோலுக்குள்ள வந்து, அதை வெச்சிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக் கேட்டார், "எத்தின நாளைக்கு மாமா?"

அவர் கேட்டதுல ஒரு பிழையும் இல்ல. எத்தின நாளெண்டு தெரிஞ்சாத்தான் கம்பியூட்டர் வெச்ச அறையை ஒதுக்கலாமா, ஹோலுல படுக்கை போடலாமா எண்டு பாக்கலாம். குசினி வாசல் திரைக்குப் பின்னால என்ட பொஞ்சாதி நிண்டா. திரையைப் பிடிச்சிருந்த கை மட்டும் எனக்குத் தெரிஞ்சது. அவவும் அந்தப் பதிலுக்குத்தான் நிண்டா.

"ரெண்டு நாளைக்கு மகன்" எண்டன். வாய் அப்பிடிச் சொல்லிட்டு. சொன்னதோட நிக்கல்ல, "மூத்தவள்ட ஊட்டுல பெயின்ற் அடிக்கிறாங்க. அந்த மணம் எனக்கு ஒத்துவராது" எண்டும் சேத்தன்.

திரையில இருந்த கை போயிட்டு.

ரெண்டு நாளும் என்னை நல்லாத்தான் பாத்தாங்க. பாரைமீன் ஆணம், சுண்டல், எனக்குப் பிடிக்குமெண்டு முருங்கையிலையும். கம்பியூட்டர் அறையில படுத்தன். அவ பிள்ளைகளோட படுத்தா. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு எண்டுவாங்க, நான் அதுலயும் ஒரு நாளைக் குறைச்சுக் கேட்டிருந்தன்.

மூணாம் நாள் காலையில மகளும் மருமகனும் வேலைக்குப் போயிட்டாங்க. பெரியவள் பள்ளிக்கூடம், சின்னவன் முன்பள்ளி. ஊட்டுல நானும் அவவும் மட்டும். வெக்கப்பட ஒரு ஆள் இல்ல, மறைஞ்சு நிக்க ஒரு திரை தேவையில்ல. அவ என்ட சேட்டுகளைத் துவைச்சு, ஸ்திரி போட்டு, பேக்குக்குள்ள அடுக்கிக் கொண்டு வந்து எனக்கு முன்னால கதிரையில வெச்சா. முந்தானையால கையைத் துடைச்சுக்கிட்டு நிண்டா.

"பெயின்ற் மணம் போயிருக்குமா?" எண்டு கேட்டா.

அங்க ஆரும் பெயின்ற் அடிக்கல்ல எண்டு அவக்குத் தெரியும். அவ மூத்தவளோட காலையில போன்ல கதைச்சது என்ட காதுலயே விழுந்தது. தெரிஞ்சுகொண்டுதான் கேட்டா. கேட்டிட்டு என்ட முகத்தைப் பாத்துக்கிட்டு நிண்டா.

"போயிருக்கும்" எண்டு சொல்லிட்டு நான் பேக்கைத் தூக்கினன்.